மலைப்பாதையில் மின்காரும் பெட்ரோல் காரும்



சென்ற கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சங்க நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். “நம் பிள்ளைகள் எல்லோரும் இப்போது மின்கார், மின்கார் என்று பேசுகிறார்கள். பழைய பெட்ரோல் வேகக் கார்தான் கார் என்று சொல்லும் கட்சியும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நீங்கள் காலமெல்லாம் என்ஜினோடு வாழ்ந்தவர். ஓட்டுவதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதை அம்மாமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் புரியும்படி நம் இதழில் எழுதுங்களேன்” என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்தது இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலையில், ஏலத்தோட்டக் கங்காணி ஒருவரின் மகனாக. டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பகுதிக் காலம் ஈரோட்டில் டீசல் லோகோ ஷெட்டிலும் பிறகு மின் லோகோ ஷெட்டிலும் பணியாற்றி, ஓய்வு பெற்று மறுபடியும் இந்த மலைக்கே வந்து சேர்ந்தவன். விஞ்ஞானி அல்ல. கையில் கிரீஸ் பட்டவன் சொல்லும் பாடமாக இதை எடுத்துக்கொள்ளவும்.

இரண்டு வகைக் காரையும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு துபாயில் கிடைத்தது. மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கார் என்றால் உயிர். நான் போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. காரையும், அடுத்த வாரம் போர்ஷே டைகான் என்ற மின்காரையும் வாடகைக்கு எடுத்து வந்தார். இரண்டிலும் அல் ஐன் நகரை ஒட்டியுள்ள ஜெபல் ஹஃபீத் மலைச் சாலையில் ஏறி இறங்கினோம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்னிடம் இருந்ததால் பாதி தூரம் நானும் ஓட்டினேன். (அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம் போகவேண்டும். முதல் அரைமணி நேரம் அதுதான் பெரிய பாடம்.)

மஸ்டாங் போன்ற வண்டிகளை அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்பார்கள். தசைபலம் மிக்க கார் என்று பொருள் கொள்ளலாம். 1964ஆம் ஆண்டு வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரைத்தான் பலரும் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். உபாயம் எளிமையானது: நடுத்தரக் காரின் உடம்பில் பெரிய காரின் எட்டு சிலிண்டர் என்ஜினைத் தூக்கி வைப்பது. அந்த ஜி.டி.ஓ.வின் என்ஜின் கொள்ளளவு சுமார் 6.4 லிட்டர். நாம் ஏறிய அம்பாசடர் பெட்ரோல் காருக்கு ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைவில் கொண்டால் அதன் பிரம்மாண்டம் விளங்கும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அந்தக் கொண்டாட்டம் அடங்கிற்று. பின்னர் மீண்டும் தலையெடுத்தது. நாங்கள் எடுத்த மஸ்டாங்கில் 5 லிட்டர் எட்டு சிலிண்டர் என்ஜின், ஏறத்தாழ 450 குதிரைத்திறன்.

முதல் அனுபவம் இது. நீண்ட வெற்றுச் சாலையில் வண்டியை நிறுத்தி, “மாமா, இப்ப அழுத்துங்க” என்றார் மாப்பிள்ளை. “அபராதம் வந்தா நீங்கதான் கட்டணும் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். மஸ்டாங் முதலில் ஓர் உறுமல் உறுமியது. ஒரு கணம் யோசித்தது. கியர் தன்னைத்தானே கீழே இறக்கிக்கொண்டது. பிறகுதான் முதுகைப் பிடித்துத் தள்ளியது. சத்தம் உயர உயரத் தள்ளலும் உயர்ந்தது. நெஞ்சுக்குள் தவில் வாசித்ததுபோல் இருந்தது என்றால் மிகையில்லை. அடுத்த வாரம் டைகானை அதே இடத்தில் அழுத்தினேன். உறுமல் இல்லை, யோசனை இல்லை. கால் கீழே போன அதே நொடியில் கழுத்து பின்னால் போயிற்று. பின் இருக்கையில் இருந்த என் மனைவி, “சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?” என்று கேட்டாள். உண்மையில் சொல்வதற்கு அவகாசம் இல்லை. மஸ்டாங்கில் அந்த உறுமலே சொல்லிவிடும்.

இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பெட்ரோல் என்ஜின் நின்ற நிலையிலிருந்து எதையும் இழுக்க முடியாது. அது முதலில் தான் சுழல வேண்டும். சுழன்றால்தான் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்; வேகமாகச் சுழன்றால்தான் ஒரு நிமிடத்தில் அதிகமாக எரிக்கும். எங்கள் மஸ்டாங் என்ஜினின் உச்ச முறுக்கு விசை நிமிடத்துக்குச் சுமார் 4,600 சுழற்சியில்தான் கிடைக்கும். உச்ச குதிரைத்திறன் 7,000 சுழற்சியில். நிற்கும் சக்கரத்துக்கும் ஓடும் என்ஜினுக்கும் நடுவே சமாதானம் பேசத்தான் கிளட்சும் கியர் பெட்டியும். புதிய மஸ்டாங்கின் தானியங்கிப் பெட்டியில் பத்து கியர்கள்!

மின்மோட்டார் வேறு சாதி. அதில் முறுக்கு விசையைத் தருவது கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம். மோட்டார் அசையாமல் நிற்கும்போதே முழு மின்னோட்டத்தையும் செலுத்தலாம். ஆகவே முழு முறுக்கு விசையும் முதல் கணத்திலேயே கிடைக்கும். வேகம் கூடும்போது மோட்டாரே உள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது மின்னோட்டத்தைத் தடுக்கும். எனவே ஓரளவு வேகத்துக்கு மேல் முறுக்கு விசை குறையத் தொடங்கும். பெட்ரோல் என்ஜின் போகப்போகச் சூடு பிடிக்கும் பேச்சாளர். மின்மோட்டார் முதல் வாக்கியத்திலேயே கைதட்டு வாங்கிவிடுகிறவர். பெரும்பாலான மின்கார்களுக்குக் கியர் மாற்றமே இல்லை. டைகானின் பின்சக்கர மோட்டாருக்கு மட்டும் இரண்டு கியர். அதுவும் மிக உயர்ந்த வேகத்தில் மோட்டார் மூச்சு வாங்காமல் இருப்பதற்காக.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரயில்வேக்காரனுக்கு இது பழைய சோறு. 1962இல் அமெரிக்க ஆல்கோ கம்பெனியிலிருந்து நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜினை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ‘டீசல் என்ஜின்’ என்று அதைச் சொன்னாலும் சக்கரத்தைச் சுற்றுவது டீசல் அல்ல. டீசல் என்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது, இழுப்பது மோட்டார். ஏன் இந்தச் சுற்றுவழி? ஆயிரக்கணக்கான டன் சரக்கு வண்டியை நின்ற நிலையிலிருந்து நகர்த்த எந்தக் கிளட்சும் தாங்காது, எரிந்துவிடும். ஆகவே நிற்கும்போதே முழுபலத்தோடு இழுக்கும் மின்மோட்டாரை வைத்தார்கள்.

ஆனாலும் டபிள்யூ.டி.எம்-2வின் குணம் மஸ்டாங்கின் குணம்தான். டிரைவர் நாட்சைக் கூட்டினால் முதலில் கரும்புகை வரும், டர்போ பிடிக்கும், அப்புறம்தான் இழுவை ஏறும். மின் லோகோவில் அந்தத் தாமதம் இல்லை. டீசலிலிருந்து மின் லோகோவுக்கு மாறி வந்த டிரைவர்கள் முதல் வாரத்தில் எங்களிடம் சொல்லும் புகார் ஒன்றே: “சார், சக்கரம் வழுக்குது.” டீசலுக்குப் பழகிய கை கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிடும். மின்மோட்டார் அதை அப்படியே தண்டவாளத்தில் கொட்டிவிடும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மணல் தூவி, இழுவையைக் குறைத்து, மறுபடி மெல்ல ஏற்ற வேண்டும். வண்டி பிழையன்று, கை பழகவில்லை. இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும். கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

சக்கரம் வழுக்குவதைப் பற்றிச் சொன்னதால் ஒரு சிறு கணக்கு. எவ்வளவு பலமான மோட்டார் வைத்தாலும் காரின் வேகமெடுப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் ஏறத்தாழ வண்டியின் எடை அளவுக்கே விசையைத் தாங்கும். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான, விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் முடுக்கம். மணிக்கு 100 கி.மீ. என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 2.8 விநாடி வருகிறது. டைகானின் ‘டர்போ எஸ்’ என்ற மாடல் 2019இல் வந்தபோது பூஜ்யத்திலிருந்து 100ஐத் தொட அறிவித்த நேரமும் 2.8 விநாடிதான். (டர்போவே இல்லாத காருக்கு டர்போ என்று பெயர்!) அதாவது டயரால் முடிந்ததை முழுவதும் பிழிந்து எடுத்துவிட்டார்கள். மசில் காரில் இதே முயற்சியைச் செய்தால் பின்டயர் புகைந்து பாதி விசை வீணாகும். மின்காரில் சக்கரம் வழுக்கத் தொடங்கியதைக் கணினி கண்டு, ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. எங்கள் லோகோ டிரைவர் கையால் செய்ததை இங்கே கணினி செய்கிறது.

வளைவில் என்ன நடக்கிறது? மின்கார் கனமானது. டைகான் இரண்டு டன்னுக்கு மேல். மஸ்டாங் ஒன்றே முக்கால் டன் அளவு. ஆனால் மின்காரின் எடையில் பெரும்பகுதி, பேட்டரியாகத் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அதனால் வளைவில் சாய்வதில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. மஸ்டாங்குக்கு மூக்கு கனம், பின்சக்கரத்தில் தள்ளல். வளைவில் அவசரப்பட்டு அழுத்தினால் வால் விலகும். அதை அடக்கி ஓட்டுவதுதான் சுகம் என்பார் மாப்பிள்ளை. எனக்கு வயது அறுபதுக்கு மேல். அந்தச் சுகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெட்ரோல் கட்சிக்கு நியாயம் உண்டு. நீடித்த உழைப்பு. ரயில் மோட்டார்களுக்கு இரண்டு அளவு சொல்வோம்: எவ்வளவு நேரமும் தாங்கும் அளவு ஒன்று, குறுகிய நேரம் மட்டும் தாங்கும் அளவு ஒன்று. மின்கார் விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் இரண்டாவது வகை. தொடர்ந்து முழு அழுத்தத்தில் ஓட்டினால் மோட்டாரும் பேட்டரியும் சூடாகும்; கணினி தானே பலத்தைக் குறைக்கும். 2014இல் தொடங்கிய ஃபார்முலா ஈ மின்கார்ப் பந்தயத்தில், முதல் நான்கு பருவங்களிலும் பாதிப் பந்தயத்தில் ஓட்டுநர் இறங்கி வேறொரு காருக்கு மாறி ஓட்டினார், தெரியுமா? ஒரு பேட்டரி முழுப் பந்தயத்துக்குப் போதவில்லை. முதல் பருவத்தில் மஹிந்திரா அணிக்காக அப்படி மாறி ஓட்டியவர்களில் நம் சென்னை கருண் சந்தோக்கும் ஒருவர். நான்கே ஆண்டுகளில் அந்தக் குறை தீர்ந்து ஒரே காரில் பந்தயத்தை முடித்தார்கள். 2023 பிப்ரவரியில் ஐதராபாத் தெருக்களில் அந்தப் பந்தயம் நடந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1993இல் ‘லவ்பேர்ட்’ என்ற பெயரில் இருவர் அமரும் மின்கார் ஒன்று சாலக்குடியையும் கோவையையும் சார்ந்த எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் பிறகு 2001இல் பெங்களூரின் ரேவா. இரண்டும் ஈய-அமில பேட்டரியில் ஓடியவை. ஒரு கிலோ ஈய பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தைப்போல் நான்கு மடங்கு இன்றைய லித்தியம் பேட்டரியில் அடங்குகிறது. இன்றைய குடும்பக் காரின் பேட்டரியை ஈயத்தில் செய்தால் அதுமட்டுமே ஒரு டன்னைத் தாண்டிவிடும். அந்த முன்னோடிகளின் யோசனை சரி. ஈயம் காலை வாரிவிட்டது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மசில் கார்க்காரர்களுக்குச் சத்தம் இல்லாவிட்டால் காரே இல்லை. இதை அறிந்து அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி தன் மின் ‘சார்ஜர் டேட்டோனா’வுக்குச் செயற்கை உறுமல் வைத்திருக்கிறது. கொரியாவின் ஹுண்டாய், ‘அயோனிக் 5 என்’ காரில் இல்லாத கியரை இருப்பதுபோல் உதைத்துக் காட்டும் ஏற்பாட்டையும் சேர்த்திருக்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வராததால் கேசட் போட்ட மாதிரி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சத்தத்துக்கு வேறொரு பயன் உண்டு, அது எங்கள் மலையில் விளங்கும். கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன வருகிறது என்று ஜீப் டிரைவர்கள் காதால்தான் பார்க்கிறார்கள். மின்கார் வளைவில் பூனைபோல் வருகிறது. சின்னக்கானல், பூப்பாறை பக்கம் யானை நடமாட்டமுள்ள சாலையில் இது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பெரியாறுக்கு மாற்றினார்கள்; ஆனால் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. நடந்து போகிறவர்களின் பாதுகாப்புக்காக, மெதுவாகப் போகும் மின்கார் ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் 2019 முதல் புது மாடல்களுக்குச் சட்டமே உண்டு.

இனி இறக்கத்துக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

என் தம்பி குடும்பம் போடிமெட்டில் இருக்கிறது. தம்பி மகன் சென்ற ஆண்டு ஒரு மின்கார் வாங்கினான். கம்பெனிப் பெயர் இங்கு வேண்டாம், ஏனெனில் நடந்ததில் வண்டியின் குற்றம் ஏதுமில்லை. ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, குடும்பக் கார்தான். 45 யூனிட் பேட்டரி. அதற்கு முன் அவன் பெட்ரோல் கார் ஓட்டியவன், நல்ல கை. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையை ஊர்க்காரர்கள் அறிவீர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே வரும். இந்த இதழைப் படிக்கும் எத்தனையோ பேரின் தாயும் பாட்டியும் அந்த ஜீப்புகளில் ஏறி வந்தவர்கள்தாம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, போடியில் ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டோம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் என் மனைவியும் அவன் தாயாரும். மூடுபனி லேசாக இருந்தது. முதல் வளைவைத் தாண்டி இரண்டாவது வளைவை நெருங்கினோம். அவன் வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். மின்காரில் காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் மிதிக்கவே வேண்டாம் என்று ஆகிவிடும். அன்று பிடிக்கவில்லை. வண்டி உருண்டுகொண்டே போயிற்று. “பெரியப்பா, என்ன இது, காலை எடுத்தும் வண்டி அடங்கல?” என்றான். வளைவில் ஜீப்பின் மூக்கு தெரிந்தது. “பிரேக்கை மிதிடா!” என்று கத்தினேன். மிதித்தான். டயர் ஈரத்தில் சற்று இழுத்து, ஜீப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம். ஜீப்புக்குள் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள், மடியில் தூக்குவாளிகள். யாரும் பேசவில்லை. டிரைவர் மட்டும் தலையை வெளியே நீட்டி, “ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு தெரியாதாப்பா?” என்றார். அவர் சொன்னது சட்டமும் கூட.

என்ன நடந்தது? முந்திய இரவு அவன் வீட்டிலேயே பேட்டரியை 100 விழுக்காடு வரை ஏற்றியிருந்தான். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. மோட்டார் ஜெனரேட்டராக மாறினால் அந்த மின்சாரம் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும். இடமில்லாததால் கணினி அந்தப் பிடிப்பை நிறுத்தி வைத்திருந்தது. முகப்புத் திரையில் சிறிய எழுத்தில் அதை அறிவித்தும் இருந்தது. அவன் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஏன் இது நேரவில்லை? அப்போது அவன் உடும்பஞ்சோலையில் எங்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டு, பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரை ஏற்றத்தில் வந்து, பேட்டரியில் கொஞ்சம் காலி செய்த பிறகே இறங்கினான். உச்சியில் முழுதாக ஏற்றிக்கொண்டு உடனே இறங்கியது அன்றுதான் முதல் முறை.

ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. 1990களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வந்த மூன்று பேஸ் மின் லோகோக்களும், அவற்றின் வழியில் வந்த டபிள்யூ.ஏ.பி-7ம் இறக்கத்தில் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பித் தருகின்றன. கம்பி என்பது கடல். எவ்வளவு ஊற்றினாலும் வேறு எங்காவது ஒரு வண்டி குடித்துக்கொள்ளும். டீசல் லோகோவிலோ அந்த மின்சாரத்தைக் கூரையில் உள்ள மின்தடைகளில் விட்டு வெப்பமாக ஊதித் தள்ளினோம். காரில் கம்பியும் இல்லை, கூரைத் தடையும் இல்லை. பேட்டரி ஒன்றே.

இதன் அளவை நாமே கணக்கிடலாம். பள்ளிப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். நால்வரோடு வண்டி 2,000 கிலோ. போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர் என்று வைப்போம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 96 லட்சம் ஜூல். 36 லட்சம் ஜூல் ஒரு யூனிட். ஆக சுமார் ஐந்தரை யூனிட். இறங்கும் 25 கி.மீ. சாலையில் டயரின் உருளல் தடையும் காற்றும் 2 யூனிட் தின்னும். மீதி மூன்றரை யூனிட்டை எப்படியாவது ஒழித்தாக வேண்டும். பிரேக்கால் மட்டும் ஒழித்தால் அந்த வெப்பம் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நான்கு சக்கரத் தகடுகளில், முக்கால் மணி நேரத்தில், 40 லிட்டர் கொதிநீர்! மலையடிவாரத்தில் பிரேக் கருகும் வாசனை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். பிரேக் மிகச் சூடானால் பிடிப்பு குறையும். எத்தனை மிதித்தாலும் வண்டி கேட்காது.

மின்காரின் மோட்டார் பிடித்தால் அந்த மூன்றரை யூனிட்டில் ஏறத்தாழ இரண்டரை பேட்டரிக்குத் திரும்பும். சமவெளியில் 15 கி.மீ. ஓட்ட அது போதும். ஏறும்போது செலவாவது எட்டரை ஒன்பது யூனிட் என்பதையும் மறக்கக்கூடாது. இறக்கத்தில் பேட்டரி நிரம்புகிறது என்று கேட்டு, மலைக்குப் போய்வந்தால் இலவசம் என்று ஒரு நண்பர் முடிவு கட்டிவிட்டார், அதற்காகச் சொல்கிறேன்.

பழைய ஜீப் டிரைவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் பாடம் தெரியும்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் போட்டால் என்ஜின் தானே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் தீர்ந்தாலும், டாங்க் நிறைந்தாலும் அந்தப் பிடிப்பு மாறாது. பெட்ரோல் காரின் இந்த ஒரு குணத்தை மின்கார் ஓட்டுபவர்கள் மதிக்க வேண்டும். மஸ்டாங்கில் ஜெபல் ஹஃபீத் இறங்கும்போது நான் கியரைக் கையால் கீழே இறக்கினேன். எட்டு சிலிண்டரும் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்தன. டைகானில் அதே இறக்கத்தில் மோட்டார் அமைதியாகப் பிடித்தது, அதைவிட நயமாகவே பிடித்தது. ஆனால் அன்று அதன் பேட்டரி பாதிதான் இருந்தது. முழுதாக இருந்திருந்தால் போடிமெட்டுப் பாடத்தை நான் முன்கூட்டியே அங்கேயே படித்திருப்பேன்.

அன்று கீழே இறங்கி, முந்தலில் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினோம். தம்பி மகனின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. “எனக்கு ஓட்டவே தெரியாம போச்சா பெரியப்பா?” என்று கேட்டான். ஈரோட்டில் சக்கரம் வழுக்கிய டிரைவர்களின் கதையை அவனுக்குச் சொன்னேன். இருபது ஆண்டு சர்வீஸ் ஆனவர்களும் புது லோகோவில் ஒரு வாரம் பயிற்சி எடுத்த பிறகே தனியாகப் போனார்கள். காருக்கு யாரும் அப்படிப் பயிற்சி தருவதில்லை. சாவியைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

மலைநாட்டு உறவினர் வீட்டுக்கு மின்காரில் போகும் அன்பர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வாடகைக்கு எடுப்பவர்கள், உச்சியில் இரவு தங்கினால் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்குமுன் சமதளத்தில் காலை ஒருமுறை எடுத்துப் பார்த்து, மோட்டார் எவ்வளவு பிடிக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். பிடிப்பு இல்லையென்றால் முதல் வளைவிலிருந்தே பிரேக்கை நம்புங்கள்; ஆனால் காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு தேய்க்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள், தகடு ஆறட்டும். நியூட்ரலில் போட்டு உருட்டுவது எந்த வண்டியிலும் கூடாது. வளைவில் ஹார்ன் அடியுங்கள், உங்கள் வண்டிக்குக் குரல் இல்லை. இன்னொன்று: மோட்டாரே எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பதால் மின்காரின் பிரேக் தகடுகள் வேலையில்லாமல் எங்கள் ஈரக்காற்றில் துருப்பிடிக்கின்றன. வாரம் ஒருமுறையாவது நன்றாக மிதித்து அவற்றைத் தேய்த்துவிட வேண்டும்.

தை மாதத்தில் தம்பி மகனும் நானும் அதே சாலையில் மீண்டும் இறங்கினோம், இந்த முறை பரீட்சைக்காகவே. உச்சியில் 80 விழுக்காடு. பின்சீட்டில் யாரையும் ஏற்றவில்லை. நான் மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் கோடு போட்டேன். முந்தல் சோதனைச் சாவடி வந்தபோது ஆறு கோடுகள் இருந்தன. அதில் மூன்று, ஏறி வந்த ஜீப்புகளுக்கு ஒதுங்கி நின்றது. பேட்டரி 84 காட்டியது. சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தேன், தகட்டில் இளஞ்சூடுதான் இருந்தது. அதே தேநீர்க் கடையில் ஒரு ஜீப் டிரைவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்து, “சார், இதுல ரெண்டாவது கியர் எங்க இருக்கு?” என்று கேட்டார். இல்லை என்றேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தான் தம்பி மகன்.